தலைக்கு மேல் விரிக்கும் பாயையும் தராசில் வைப்போம்

சொந்தக் கட்டிடத்திலோ வாடகைக் கட்டிடத்திலோ கடை நடத்துகிறவர்களுக்குக் கூரையைப் பற்றிக் கவலை வருவது வருடத்துக்கு ஒரு முறைதான். ஓடு மாற்ற வேண்டும், தளம் ஒழுகுகிறது, வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்பதோடு அது முடிந்துவிடும். ஆனால் நம்மிடையே இன்னொரு பிரிவினர் இருக்கிறார்கள். திங்கட்கிழமை ஓர் ஊர், செவ்வாய்க்கிழமை வேறோர் ஊர் என்று வாரச் சந்தைகளைச் சுற்றி வரும் சிறு வணிகர்கள். பருப்பும் மிளகாயும் மல்லியும் கருவாடும் வெல்லமும் அவர்கள் கையால்தான் கிராமங்களுக்குப் போய்ச் சேருகின்றன. மொத்த வியாபாரிகளாகிய நம்மில் பலருடைய சரக்கு நகர்வதும் அவர்களால்தான். அவர்கள் தங்கள் கூரையைத் தாங்களே சுமந்துகொண்டு போகிறவர்கள். மொபெட்டின் பின்புறம் நாலு மூட்டை, அதன்மேல் சுருட்டிக் கட்டிய ஒரு பாய், பக்கவாட்டில் நாலு கம்பு. அந்தப் பாயையும் கம்பையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று உட்கார்ந்து யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை. நமக்கு அது தோன்றவும் இல்லை.

விஷயம் சிறியது என்று ஒதுக்க வேண்டாம். ஒரு சந்தை நாளில் மூன்று மணிக்கு மழை பிடித்து, பாய் நடுவில் குழிந்து, தேங்கிய தண்ணீர் ஒரே வீச்சில் கொட்டினால் என்ன ஆகும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். உப்பும் சர்க்கரையும் அன்றைக்கே போயிற்று. வெல்லம் மறுநாள் இளகும். மிளகாயும் நிலக்கடலையும்தான் ஆளைக் கெடுப்பவை. வெயிலில் உலர்த்தி மீண்டும் மூட்டை கட்டிவிடலாம் என்று தோன்றும். உள்ளே பூசணம் பிடித்துவிட்டால் அதில் உண்டாகும் நச்சு காய வைத்தாலும் போகாது, வறுத்தாலும் முழுவதும் போகாது. அந்தச் சரக்கை விற்பவர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். ஆக, ஒரு மழையில் ஒரு மாத லாபம் போவதும், அதற்கு மேல் பெயர் கெடுவதும் ஒரு பாயின் தரத்தைப் பொறுத்தது.

அப்படிப்பட்ட பாயை நாம் எப்படி வாங்குகிறோம்? கடைக்குப் போய் "பன்னிரண்டுக்குப் பதினைந்தில் ஒன்று கொடுங்கள்" என்கிறோம். நீலமா, பச்சையா, மஞ்சளா என்று கேட்பார்கள். விலை கேட்போம், பத்து இருபது குறைத்துக் கேட்போம், சுருட்டி வாங்கிக்கொண்டு வருவோம். மூட்டையில் ஐம்பது கிராம் குறைந்தாலும் மொத்த வியாபாரியிடம் போய்ச் சண்டை போடுகிற நாம், தினமும் காலையில் தராசுத் தட்டைத் துடைத்துக் கும்பிட்டுவிட்டு வியாபாரத்தைத் தொடங்குகிற நாம், பாயை மட்டும் எடை போட்டுப் பார்ப்பதே இல்லை. எடைதான் அதன் தரத்துக்கு முதல் சாட்சி.

பாய்களின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு சதுர மீட்டர் பாய் எத்தனை கிராம் என்பதுதான் அது. அடிக்கணக்கில் வாங்குகிற நமக்கு ஒரு எளிய கணக்கு போதும். நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, அதை ஜி.எஸ்.எம். எண்ணால் பெருக்கி, 10,764-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். பன்னிரண்டுக்குப் பதினைந்து என்றால் 180 சதுர அடி. 120 ஜி.எஸ்.எம். பாய் என்று சொல்லி ஒருவர் கொடுத்தால் அது சரியாக 2 கிலோ இருக்க வேண்டும். ஓரம் மடிப்பதற்கும் கண் அடிப்பதற்கும் கொஞ்சம் கூடுமே தவிரக் குறையாது. அதைத் தராசில் வைத்தால் 1 கிலோ 300 கிராம்தான் காட்டுகிறது என்று வையுங்கள். அது 80 ஜி.எஸ்.எம். கூட இல்லை. விற்பவரிடம் வாதாட வேண்டியதில்லை. தராசு பேசிவிடும்.

எடையைப் போலவே அளவும். பதினைந்துக்குப் பன்னிரண்டு என்று அச்சிட்ட பாயை வீட்டில் விரித்து அளந்தால் பதினாலரைக்குப் பதினொன்றரை இருக்கும். கேட்டால், "அது வெட்டிய அளவு, ஓரம் மடித்த பிறகு அப்படித்தான் வரும்" என்பார்கள். வெட்டிய அளவுக்கு மழையா பெய்யப் போகிறது? இரு பக்கமும் அரை அடி போனால் 180 சதுர அடி 167 ஆகிவிடுகிறது. நூறு ரூபாய்க்கு ஏழு ரூபாய்க்கு மேல் காணாமல் போகிறது. அரிசியில் இதைச் செய்தால் நாம் சும்மா இருப்போமா?

இங்கே கொஞ்சம் கசப்பாகவும் பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பாய்களை விற்பவர்கள் யாரோ வெளியார் அல்லர். ஹார்டுவேர் கடைகளும், கயிறு சாக்குக் கடைகளும், பிளாஸ்டிக் மொத்தக் கடைகளும் நடத்துகிற நம் சங்கத்தவர்களே விற்கிறார்கள். வாங்குகிறவரும் நாம், விற்கிறவரும் நாம். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதன்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளும், அளவு முக்கியமான பொருளாக இருந்தால் அந்த அளவைப் பொட்டலத்தின் மேல் குறிக்க வேண்டும் என்கின்றன. குறிக்கிற அளவு மடித்து முடித்த அளவாக இருக்கட்டும், பக்கத்திலேயே ஜி.எஸ்.எம். எண்ணும் இருக்கட்டும் என்று கொள்முதல் செய்யும்போதே தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெறுவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. பின்னல் பாய்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 7903 என்ற தரமும் இருக்கிறது. அந்த முத்திரை உள்ளதையும் இல்லாததையும் அடுத்தடுத்து அடுக்கி வைத்து, வித்தியாசத்தைச் சொல்லி விற்கிற கடைக்காரரை வாடிக்கையாளர் மறக்க மாட்டார். விலை குறைந்ததை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது இன்னது என்று சொல்லி விற்கட்டும் என்கிறோம்.

வகைகளைப் பற்றிக் கொஞ்சம். தார்ப்பாய் என்ற பெயரே தார் பூசிய துணியிலிருந்து வந்தது. பருத்திக் கித்தானில் நீர் புகாத பூச்சு கொடுத்த பழைய படுதாக்கள் இன்றும் லாரிக்காரர்களிடம் உண்டு. காற்றுக்கு அசையாது, வெயிலுக்கு உதிராது. ஆனால் 450 ஜி.எஸ்.எம். கித்தான் என்றால் மேலே சொன்ன அளவுக்கு ஏழரைக் கிலோ. மழையில் நனைந்தால் இன்னும் ஏறும். நனைந்ததை உலர்த்தாமல் மடித்து வைத்தால் மக்கிப்போகும். மொபெட்டில் போகிறவருக்கு அது ஒத்துவராது. அடுத்தது, பிளாஸ்டிக் இழைகளைப் பாய்போலப் பின்னி இரு பக்கமும் மெழுகியதுபோல் பூச்சு கொடுத்தது. நாம் சாதாரணமாகப் பார்க்கிற நீலப் பாய் இந்த வகை. மூன்றாவது, பின்னல் இல்லாமல் மெல்லிய தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்தது. சில்பாலின் என்று ஒரு கம்பெனியின் பெயரையே அந்த வகை முழுவதற்கும் வைத்துச் சொல்லிப் பழகிவிட்டோம். அதே எடைக்கு இது வலு கூடுதல். ஆணி பட்டுத் துளை விழுந்தாலும் எளிதில் நீளமாகக் கிழியாது.

பின்னல் பாயில் கவனிக்க வேண்டியது வெயில். மழை கிழிப்பதைவிட வெயில் கிழிப்பதுதான் அதிகம். வெயிலைத் தாங்கும் மருந்து சேர்க்காத மலிவுப் பாய் ஒரு கோடை தாண்டுவதற்குள் மொரமொரப்பாகிவிடும். விரலால் தேய்த்தால் தூளாக உதிரும். கீழே திறந்து வைத்திருக்கும் பருப்பிலும் மிளகாய்த் தூளிலும் அந்தத் துகள்தான் விழுகிறது. எந்த வாடிக்கையாளருக்கும் அது தெரிவதில்லை. தெரிந்தால் திரும்பி வரமாட்டார்.

எடையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, எடையே எல்லாம் என்று சொல்லிவிடக் கூடாது. இந்த விஷயத்தில் உலகத்திலேயே அதிகம் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டத்தார். அமெரிக்காவில் கொலராடோ, மொன்டானா, வயோமிங் மாநிலங்களின் ராக்கி மலைகளில் வேட்டைக்குப் போகிறவர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டது. அங்கே உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு, செப்டம்பர் தொடங்கிப் பனி விழும் நவம்பர் வரை, எல்க் என்னும் பெரிய மானைத் தேடிச் சாலையில்லாத காட்டுக்குள் நாள்கணக்கில் நடக்கிறார்கள். அவர்களுடைய தொழிலை நாம் மெச்சவும் இல்லை, பழிக்கவும் இல்லை. அவர்கள் போடுகிற கணக்குதான் நமக்கு வேண்டியது. ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேலும் எடை வரும். வேட்டை கிடைத்தால் இறைச்சியைத் துண்டு போட்டு முதுகில் சுமந்து பல நடை நடக்க வேண்டும். ஆகவே போகும்போது சுமக்கிற ஒவ்வொரு கிராமும் வரும்போது வலிக்கும். நம் சந்தை வியாபாரிக்கும் அப்படித்தான். கூரைக்குக் கொடுக்கிற கிலோ, சரக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிற கிலோ.

அவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "யார் சுமக்கப் போகிறார்கள்?" என்பது. குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றிச் செல்கிறவர்கள் இன்றும் கனத்த கித்தான் கூடாரத்தையே கொண்டு போகிறார்கள். அதில் எழுந்து நிற்கலாம், அடுப்பு மூட்டலாம், பனி அழுத்தினாலும் தாங்கும். முதுகில் சுமப்பவர்கள் சிலிக்கோன் பூசிய மெல்லிய நைலான் கூடாரத்துக்குப் போகிறார்கள். அதிலும் பலர் தரையே இல்லாத கூம்புக் கூடாரத்தை எடுக்கிறார்கள். நடுவில் ஒரே கம்பு. மலையேறும்போது கையில் ஊன்றிக்கொண்டு போகும் தடிகளையே இணைத்துக் கூடாரத்துக்கு ஊன்றுகோலாக வைத்துக்கொள்வார்கள். தரை இல்லாததால் எடை மிச்சம். மடித்து எடுத்துச் செல்லும் சிறு தகர அடுப்பையும் உள்ளே வைக்கலாம். ஆனால் ஈரத்தில் நைலான் நெகிழும். நடுராத்திரியில் எழுந்துபோய்க் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். மூச்சுக்காற்றின் ஈரம் உள்பக்கம் பனித்துச் சொட்டும். இன்னும் மெல்லிய துணிகள் உண்டு, விலை பல மடங்கு. செப்டம்பர் முதல் வாரத்தில் நல்ல வானிலையில் போகிறவருக்கு ஒரு துண்டுப் பாயே போதும். அதே பாயை நம்பி நவம்பரில் போனால் உயிருக்கு ஆபத்து. எங்கே, எப்போது, எத்தனை பேர் என்று கேட்காமல் "இதுதான் இருப்பதிலேயே லேசானது" என்று தூக்கிக் கொடுக்கிற கடைக்காரர் அங்கே நல்ல கடைக்காரர் அல்லர்.

இன்னொன்று, விளம்பரத்தில் போடும் எடையை அவர்கள் நம்புவதில்லை. துணி மட்டும் இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். முளை, கயிறு, கம்பு, உறை, கீழே விரிக்கும் தாள் எல்லாவற்றையும் சேர்த்து வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தபிறகே பேசுவார்கள். மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை என்று தினமும் புழங்குகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கணக்கை நம் சந்தைக்குக் கொண்டு வருவோம். பாய் 2 கிலோ. கம்பு? தண்ணீர்க் குழாயாகப் போடுகிற ஓர் அங்குல இரும்புக் குழாய் மீட்டருக்கு 2 கிலோ அளவில் வரும். எட்டடிக் குழாய் நாலு என்றால் ஏறக்குறைய 20 கிலோ. பாயில் அரைக் கிலோ குறைக்கப் பாடுபட்டுவிட்டு இருபது கிலோ இரும்பைத் தூக்கிப் போகிறோம். ஒரு சிறு மூட்டைப் பருப்பு அங்கேயே போயிற்று. முற்றிய மூங்கில் இதில் பாதிகூட இராது. சவுக்குக் கம்பும் நல்லதுதான், ஆனால் பச்சையாக வாங்கினால் கனம். எட்டடிக் குழாய்க்கு இன்னொரு தீமையும் உண்டு. சந்தைத் திடல்கள் பலவற்றின் மேல் மின்கம்பி தாழ்வாகப் போகிறது. நிமிர்த்தும்போது குழாயின் நுனி எங்கே போகிறது என்று பார்க்காமல் நிமிர்த்துகிறவர்களைக் கண்டிருக்கிறோம். மூங்கிலும் நனைந்தால் மின்சாரத்துக்குத் தடையாகாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பாயின் கயிற்றை மின்கம்பத்தில் கட்டுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடச் சொல்வோம்.

நிலையான பொருட்காட்சிகளில் பார்க்கிற பத்துக்குப் பத்து மடக்குக் கூடாரம் பார்வைக்கு அழகு, இரண்டு நிமிடத்தில் விரியும். ஆனால் அது பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும். சிறு வேன் வைத்திருப்பவருக்குச் சரி. பெரிய கடைக்குடை வெயிலுக்கு மட்டும். சாரலுக்கும் காற்றுக்கும் அதை நம்பி மளிகைச் சரக்கைப் பரப்ப முடியாது. பூக்காரருக்கும் இளநீர்க்காரருக்கும் அது போதும்.

காற்று பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள். பாய் எந்த மூலை? மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் காற்றை நேர்முகமாக வாங்கினால் சதுர மீட்டருக்கு 7 கிலோவுக்கு மேல் அழுத்தும். பன்னிரண்டுக்குப் பதினைந்து பாய் முழுவதும் வாங்கினால் 120 கிலோவுக்கு மேல். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை இரு மடங்காவதில்லை, நாலு மடங்காகிறது. அதாவது 500 கிலோ. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வாங்குகிற பொள்ளாச்சிப் பக்கமும், கம்பம், தேனிப் பக்கமும், தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கமும் சந்தை போடுகிறவர்கள் இதற்காகக் கனத்த பாய் வாங்குவதைப் பார்க்கிறோம். நமது கருத்து வேறு. கனத்தைக் கூட்டுவதைவிடப் பரப்பைக் குறைப்பது நல்லது. பத்துக்குப் பன்னிரண்டு பாய் 120 சதுர அடி. காற்றின் இழுப்பு மூன்றில் ஒரு பங்கு உடனே குறைகிறது, சுமையும் குறைகிறது. முன்பக்கம் நிற்கிற வாடிக்கையாளருக்கு நிழல் குறையும் என்பது உண்மைதான். அது ஒரு நஷ்டம், ஒப்புக்கொள்கிறோம். பெரிய பாய் பறந்துபோய்ப் பக்கத்துக் கடைப் பாத்திரங்கள்மேல் விழுவதைவிட அது சிறிய நஷ்டம்.

கண்கள் மூன்றடிக்கு ஒன்றாக இருந்தால் எல்லாக் கண்ணிலும் கயிறு போட வேண்டும். நாலு மூலையில் மட்டும் கட்டிவிட்டு, மூலை கிழிந்தது என்று பாயைக் குறை சொல்வதில் நியாயமில்லை. முடிச்சு, நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சாக இருக்க வேண்டும். சூறைக்காற்று சுழற்றும்போது கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்க்க நேரமிராது. அந்த நேரத்தில் பாயைப் பிடித்துத் தொங்குவதில் வீரம் ஒன்றுமில்லை. இறக்கிச் சரக்கின்மேல் போர்த்திவிட வேண்டும்.

மழைக்குச் சரிவுதான் மருந்து. நாலடிக்கு ஓர் அடியாவது சரிவு வேண்டும். பின்பக்கம் தாழ்வு, முன்பக்கம் உயரம். நடுவில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி அதன்மேல் பாயைப் போட்டால் குழியாது. நாலடிக்கு நாலடி இடத்தில் மூன்று அங்குலத் தண்ணீர் தேங்கினாலே 110 லிட்டருக்கு மேல். நாலு மூங்கிலும் ஓர் ஆளும் தாங்குகிற பாரமா அது? தரையில் ஓடி வரும் தண்ணீரும் உண்டு. தலைக்கு மேலே புதுப் பாய் போட்டுவிட்டு அரிசி மூட்டையை வெறுந்தரையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பாய் ஒன்றைக் கீழே விரித்து, அதன்மேல் பலகையோ நாலு செங்கல்லோ வைத்து ஏற்றினால் செலவே இல்லை.

ராத்திரி தங்கி மறுநாளும் விற்கிற திருவிழாச் சந்தைகளில் சரக்கைப் பாயால் இறுக்கிப் போர்த்திக் கட்டுவது வழக்கம். அந்த வேட்டைக்காரர்களின் கூடாரத்துக்கு வருகிற வியாதி இங்கேயும் வரும். காலையில் பார்த்தால் பாயின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். மழையே பெய்யாமல் மூட்டை நனைந்திருக்கும். பாய்க்கும் மூட்டைக்கும் இடையே இரண்டு கம்பு வைத்து, ஒரு பக்கம் காற்றுப்போகத் திறப்பு விட வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீலப் பாயின் கீழே மஞ்சள் தூளைப் பாருங்கள், பச்சையடித்துத் தெரியும். துவரம் பருப்பு பழசுபோல் தெரியும். நல்ல சரக்கைக் காட்டி, "கலப்படமா?" என்ற கேள்வியை வாங்கிக்கொள்கிறோம். சிவப்புப் பாய் கட்டித் தக்காளியையும் வற்றலையும் பளபளக்க வைப்பவர்களும் உண்டு. அந்தச் சாமர்த்தியம் வீட்டுக்குப் போய்ப் பையைத் திறக்கும்வரைதான். மளிகைக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறமே ஏற்றது. மேல்பக்கம் வெள்ளி நிறம் உள்ள பாய் வெயிலைத் திருப்பி அனுப்பும், உட்கார்ந்திருப்பவருக்கும் ஆறுதல். ஆனால் கீழே சற்று இருட்டாக இருக்கும்.

விலைக்கு வருவோம். பேச்சுக்காக, மலிவுப் பாய் ஒன்று ஐம்பது சந்தை வருகிறது, அதன் இரு மடங்கு விலையுள்ள பாய் நூற்றைம்பது சந்தை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தை ஒன்றுக்கு எது குறைவு என்று சொல்லத் தேவையில்லை. கையில் ரொக்கம் இல்லாததால்தான் மலிவை வாங்குகிறோம் என்று சொல்கிறவர்களின் நிலைமையும் நமக்குத் தெரியும். சரக்கைக் கடனில் கொடுக்கிற மொத்த வியாபாரி, பாயையும் தவணையில் கொடுக்க முன்வரலாம். அவருடைய கடன் சரக்கும் அந்தப் பாயின் கீழேதானே இருக்கிறது. மொபெட்டில் போகிறவருக்கு 120 முதல் 150 ஜி.எஸ்.எம். போதும் என்பது நமது கருத்து. 100-க்குக் கீழே இறங்க வேண்டாம். வேனில் போகிறவர் 200-க்கும் மேலே போகலாம்.

இதெல்லாம் நாம் செய்ய வேண்டியது. ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் செய்ய வேண்டிய ஒன்றும் இருக்கிறது. முன்பு சந்தைத் திடல் மண்தரையாக இருந்தது. முளையடித்துக் கயிறு கட்டினோம். இப்போது பல ஊர்களில் திடலுக்குச் சிமென்ட் தளமோ கற்பாவோ போட்டிருக்கிறார்கள். சேறு போயிற்று, சந்தோஷம். ஆனால் முளை அடிக்க இடமில்லை. கயிற்றைக் கல்லிலும், வண்டிச் சக்கரத்திலும், பக்கத்துக் கடைக் கம்பிலும் கட்டுகிறார்கள். சிலர் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைக் காலியாகக் கொண்டுவந்து, சந்தைக் குழாயில் நிரப்பி, நாலு மூலைக்கும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நல்ல யோசனைதான், வரும்போதும் போகும்போதும் சுமை இல்லை. ஆனால் நாலு கேன் 80 கிலோ. மேலே சொன்ன 120 கிலோக் காற்றுக்கு அது காணாது.

மணப்பாறை மாட்டுச் சந்தையானாலும், எட்டயபுரம், செஞ்சி ஆட்டுச் சந்தைகளானாலும், பெயர் தெரியாத சிற்றூரின் வாரச் சந்தையானாலும், வியாபாரி உள்ளே கால் வைத்ததும் சுங்கச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார்கள். குத்தகைதாரர் ஏலத்தில் எடுத்த பணத்தை வசூலிக்கிறார், அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏலப் பணம் உள்ளாட்சிக்குப் போகிறது. அதிலிருந்து எல்லோருக்கும் கூரை கட்டிக் கொடுங்கள் என்று கேட்டால் நிதியில்லை என்பார்கள், ஒருவேளை உண்மையாகவும் இருக்கும். கூரை வேண்டாம், தரையில் வளையம் பதித்துக் கொடுங்கள் என்று கேட்போம். சிமென்ட் தளத்தில் குழி எடுத்து, கம்பியை வளைத்துக் கான்கிரீட்டில் புதைத்து, கால் தடுக்காதபடி தரைமட்டத்துக்குக் கீழே படுக்கிற மாதிரி ஒரு வளையம். பத்தடிக்கு ஒன்று வீதம் வரிசையாகப் பதித்தால் கடைகளுக்கு இடம் அளந்து கொடுப்பதும் தானாக முடிந்துவிடும். இடத்தகராறுகளில் பாதி அங்கேயே தீரும்.

2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் நகரங்களில் விற்பனைக் குழுக்களை அமைக்கச் சொல்கிறது. அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். நகராட்சிப் பகுதிகளில் இந்தக் கோரிக்கையை அந்தக் குழுவில் வைக்கலாம். கிராமச் சந்தைகளுக்கு, ஏலம் விடும் முன் ஏல நிபந்தனைகளிலேயே இதைச் சேர்க்கும்படி ஊராட்சித் தலைவரிடம் எழுத்து மூலம் கேட்பதுதான் வழி. ஏலம் முடிந்தபின் கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள்.

ஐப்பசி மழைக்கு முன்பாக ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் எல்லைக்குள் உள்ள சந்தைத் திடலுக்கு ஒரு முறை போய், எத்தனை கடை விழுகிறது, தரை மண்ணா சிமென்ட்டா, மின்கம்பி எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்து அனுப்பினால், மனுக்களைத் தயார் செய்து தரத் தலைமை அலுவலகத்தைக் கேட்கலாம். போகும்போது கடையிலிருந்து ஒரு கொக்கித் தராசையும் எடுத்துச் செல்லுங்கள். சந்தையில் பாய் கட்டியிருக்கும் நம்மவர்களிடம் கேட்டு, கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று பாய்களை மாட்டி நிறுத்துப் பாருங்கள்.